தராசைத் தேடுங்கள்: மருந்தக அருங்காட்சியகம் பற்றி வாசகர் கேள்விகள்

மருந்தக வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றைக் குடும்பத்தோடு பார்த்துவிட்டு வந்த ஒரு வாசகியின் கடிதம் சென்ற இதழில் வெளியாகியிருந்தது. அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: விடுமுறைப் பயணத்தில் மருந்தக அருங்காட்சியகம் ஒன்றைப் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது வீட்டில் யாருக்கும் உற்சாகமில்லை. எட்டு வயது மகன், பதின்மூன்று வயது மகள், எழுபதைத் தாண்டிய மாமியார் ஆகியோர் உடன் வருகிறார்கள். பழைய சீசாக்களைப் பார்ப்பதற்கு ஒரு நாளைச் செலவிட வேண்டுமா என்று கேட்கிறார் கணவர். போனால் முதலில் எதைப் பார்ப்பது?

பதில்: கணவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சீசாக்களை வெறும் சீசாக்களாகப் பார்த்துக்கொண்டே போனால் கால் மணி நேரத்தில் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடும். என் பிள்ளைகளை முதன்முதலாக அழைத்துப் போனபோது ஒவ்வோர் அலமாரியின் முன்னாலும் நின்று நான் வகுப்பெடுத்ததில், இளையவன் கடைசியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அன்றைக்குப் பிறகு நான் யாரை அழைத்துப் போனாலும், உள்ளே நுழைந்ததும் தராசு எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளை எவ்வளவு கொடுத்தால் மருந்தாகும், எவ்வளவு கொடுத்தால் நஞ்சாகும் என்பதை மனிதர்கள் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த கதைதான் மருந்தகத்தின் வரலாறு. அந்தக் கதைக்குச் சாட்சி சொல்பவை தராசும், சீசாவின் மேல் ஒட்டிய சீட்டும்தான்.

பெரும்பாலான அருங்காட்சியகங்களில் சிறிய மரப்பெட்டி ஒன்றுக்குள் கைத்தராசு வைத்திருப்பார்கள். அதன் தண்டு ஒரு சாண் நீளம்தான் இருக்கும். நூலில் தொங்கும் தட்டுகள் பித்தளையாலோ, உப்பும் அமிலமும் அரித்துவிடக் கூடாது என்பதற்காகக் கொம்பாலோ கண்ணாடியாலோ செய்யப்பட்டிருக்கும். பெட்டியின் குழிகளில் எடைகள் வரிசையாக அமர்ந்திருக்கும். அவற்றுள் மிகச் சிறியவை நகத்துணுக்கு அளவே ஆன தகடுகள் என்பதால், விரலின் ஈரமும் அழுக்கும் படாமல் எடுக்க ஓர் இடுக்கியும் பக்கத்திலேயே இருக்கும். பழைய ஆங்கில மருந்தக அளவையில் மிகச் சிறிய எடைக்குக் கிரெயின், அதாவது தானிய மணி, என்று பெயர். அது ஏறக்குறைய 65 மில்லிகிராம். 20 கிரெயின் ஒரு ஸ்குரூப்பிள், 3 ஸ்குரூப்பிள் ஒரு டிராம், 8 டிராம் ஓர் அவுன்ஸ், 12 அவுன்ஸ் ஒரு பவுண்டு. டிராமின் குறி 3 என்ற எண்ணைப் போல இருக்கும்; அதன் தலையில் இன்னொரு வளைவைக் கூட்டினால் அவுன்ஸாகிவிடும். மருத்துவர் அவசரத்தில் கிறுக்கிய ஒரே ஒரு வளைவினால் மருந்து எட்டு மடங்காகிவிடக்கூடிய இந்த முறையை வைத்துக்கொண்டு பல தலைமுறைகள் காலம் தள்ளியிருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. எடைகளின் மேல் பொறித்திருக்கும் அந்தக் குறிகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை மகளிடம் கொடுத்துவிடுங்கள். மகனை அட்டைச் சாடி தேட அனுப்பலாம். இரத்தம் குடிக்கும் அட்டைகளை உயிரோடு வைத்திருந்த அந்தப் பீங்கான் சாடியின் மூடியில், காற்றுக்காகத் துளைகள் இட்டிருப்பார்கள்.

கேள்வி: இத்தகைய அருங்காட்சியகங்கள் எங்கெல்லாம் இருக்கின்றன? ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எதைப் பரிந்துரைப்பீர்கள்?

பதில்: ஜெர்மனியில் ஹைடெல்பெர்க் கோட்டைக்குள் உள்ள அருங்காட்சியகம் 1957 முதல் அங்கே இயங்குகிறது, மூடப்பட்ட பழைய மருந்தகங்களின் அலமாரிகளும் மேசைகளும் அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுவப்பட்டுள்ளன. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துப் பல்கலைக்கழக அருங்காட்சியகம், அச்சகர் ஃப்ரோபனின் பழைய வீட்டில் இருக்கிறது. அறிஞர் எராஸ்மஸ் அந்த வீட்டில் தங்கியிருக்கிறார், ஃப்ரோபனுக்கு மருத்துவம் செய்தவர் பாராசெல்சஸ். எல்லாப் பொருளும் நஞ்சுதான், நஞ்சில்லாமல் ஆக்குவது அளவு ஒன்றுதான் என்று 1538இல் எழுதியவரும் அவரே. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொல்லி வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது என்றாலும், பாராசெல்சஸ் அதைச் சொன்னதில் ஒரு வழக்காடல் இருந்தது: பாதரசம் போன்ற கடும் பொருள்களை நோயாளிகளுக்குக் கொடுக்கிறார் என்ற குற்றச்சாட்டுக்கு அவர் அளித்த மறுமொழி அது.

எஸ்டோனியாவின் தாலின் நகரச் சதுக்கத்தில் உள்ள மருந்தகம் பற்றிய குறிப்பு 1422ஆம் ஆண்டின் ஆவணத்திலேயே இருக்கிறது. குரோஷியாவின் துப்ரோவ்னிக் நகரத்துப் பிரான்சிஸ்கன் மடத்து மருந்தகம் 1317இல் தொடங்கியது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில், லூயி துஃபிலோ 1823இல் நடத்தத் தொடங்கிய மருந்தகக் கட்டடமே இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று என்றால் நான் சொல்வது, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்டிரியாவில் உள்ள சிறிய மருந்தகத்தை. ஒரே குடும்ப வழியினர் 1792 முதல் 1933 வரை அதை நடத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே இருந்தவற்றில் பெரும்பகுதி கலையாமல் அப்படியே நிலைத்துவிட்டது. ஜார்ஜ் வாஷிங்டனின் மனைவி மார்த்தா, நல்ல விளக்கெண்ணெய் ஒரு புட்டி அனுப்பும்படியும் அதற்கான கணக்கையும் சேர்த்து அனுப்பும்படியும் 1802இல் எழுதியனுப்பிய சீட்டு அந்த மருந்தகத்தின் ஆவணங்களில் இருக்கிறது. மாடியில் உள்ள மரப்பெட்டிகளில் ஒன்றின் மேல் 'டிராகன் இரத்தம்' என்று எழுதியிருக்கும். அது ஒருவகை மரத்திலிருந்து வடியும் சிவப்புப் பிசின் என்ற உண்மையைப் பிள்ளைகளிடம் உடனே சொல்லிவிடாதீர்கள். கோட்டைகளிலும் அரண்மனைகளிலும் காட்சிக்கு அடுக்கியவற்றைவிட, நேற்று மாலை பூட்டிவிட்டுப் போனதுபோல் இருக்கும் இத்தகைய இடங்களே என் மனத்துக்கு நெருக்கமானவை.

கேள்வி: கூரையிலிருந்து முதலை தொங்குகிறது, ஒரு சாடியில் மம்மியின் தூள், இன்னொன்றில் ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு. "அந்தக் காலத்து மனிதர்கள் எல்லாரும் முட்டாள்களா அப்பா?" என்று என் மகள் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: நல்ல கேள்வி, அவசரப்பட்டு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் இருந்தீர்களே, அதுவும் நல்லதுதான். முதலை பெரும்பாலும் விளம்பரம். தொலைதூர நாடுகளிலிருந்து சரக்கு வரவழைக்கும் கடை இது என்று, படிக்கத் தெரியாதவருக்கும் அது சொல்லிவிடும். கொம்பு என்று விற்கப்பட்டது நார்வால் என்னும் கடல்விலங்கின் தந்தம். டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே வோர்ம் 1638இல் இதை வெளிப்படையாகவே எடுத்துக்காட்டினார். மம்மித் தூளையோ, சீமான்கள் உட்பட ஐரோப்பியர்கள் நூற்றாண்டுகளாக விலை கொடுத்து வாங்கி உட்கொண்டார்கள்.

ஆனால் இவற்றைச் சந்தேகித்தவர்களும் அதே காலத்தில் வாழ்ந்தார்கள் என்பதை மகளுக்குச் சொல்லுங்கள். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னர்களுக்கு அறுவை மருத்துவராக இருந்த அம்புருவாஸ் பாரே, விலங்கின் வயிற்றில் விளையும் பெசோவார் என்ற கல் எல்லா நஞ்சையும் முறிக்கும் என்ற பேச்சை நம்பவில்லை. எல்லா நஞ்சுக்கும் ஒரே மாற்று இருக்க முடியாது என்பது அவர் வாதம். மன்னர் ஒன்பதாம் சார்லஸ், வெள்ளித் தட்டுகளைத் திருடியதற்காகத் தூக்குத்தண்டனை பெற்றிருந்த ஒரு சமையல்காரனைச் சோதனைக்கு உட்படுத்தினார். நஞ்சைக் குடித்து, பெசோவாரையும் விழுங்கிப் பிழைத்தால் விடுதலை என்பது பேச்சு. அந்த மனிதன் சில மணி நேரம் துடிதுடித்து இறந்துபோனான். இந்தக் கொடுமையைப் பதிவு செய்து வைத்தவரும் பாரேதான். இதைச் சின்னப் பிள்ளைகளிடம் சொல்வதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள்.

அந்தக் காலத்து மனிதர்களிடம் அறிவுக்குக் குறைவில்லை, ஒப்பிட்டு எண்ணிப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை என்பது என் கருத்து. பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், 1747இல் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயால் அவதிப்பட்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இருவருக்கும் வெவ்வேறு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர் மட்டும் விரைவில் எழுந்து நடமாடினார்கள். நோயாளி பிழைத்தால் மருந்தைப் புகழ்வதும், இறந்தால் விதியை நோவதுமாக இருந்தவரையில், அறுபதுக்கும் மேற்பட்ட சரக்குகளையும் விரியன் பாம்பின் இறைச்சியையும் சேர்த்துச் செய்த தீரியகம் என்ற லேகியத்தில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதில் அபினியும் இருந்தது. ஆகவே வலி குறைந்தது உண்மைதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். மகள் முகம் சுளித்துப் பார்த்த அந்த அட்டைகளை, அறுவைக்குப் பின் தேங்கும் இரத்தத்தை வடிப்பதற்காக மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004இல் அதற்கு முறையான அனுமதியே கொடுத்தது.

கேள்வி: சாடிகளின் இடுப்பு ஏன் உள்வாங்கி இருக்கிறது? பெயர்கள் ஏன் இலத்தீனில் எழுதப்பட்டுள்ளன?

பதில்: நெருக்கி அடுக்கிய வரிசையிலிருந்து பக்கத்துச் சாடியைத் தட்டாமல் ஒன்றை மட்டும் விரல்கொடுத்து எடுப்பதற்காக இடுப்பு உள்வாங்கியது. மேல்விளிம்பு வெளியே மடிந்திருப்பது, தோலையோ தாளையோ மூடிக் கயிற்றால் கட்டுவதற்காக. களிம்புக்கும் லேகியத்துக்கும் அகன்ற வாய். மூக்கு வைத்த சாடி என்றால் பாகு மருந்துக்கு உரியது. நாடு மாறினாலும் மருந்தின் பெயர் மாறக் கூடாது என்பதற்காக இலத்தீனை வைத்துக்கொண்டார்கள். தான் விழுங்குவது என்ன என்று நோயாளிக்குத் தெரியாமல் போனது மருத்துவருக்கும் கடைக்காரருக்கும் வசதியாகவே இருந்தது என்றும் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஒரு கண்ணாடிப் பேழையில் கருநீலமும் பச்சையுமாக, ஆறு பட்டை வைத்து, உடலெங்கும் வரிவரியாகப் புடைத்த சீசாக்களைப் பார்த்தோம். அவை அழகுக்காகவா?

பதில்: அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் அவை நஞ்சுச் சீசாக்கள். நள்ளிரவில் விளக்கில்லாமல் அலமாரியில் துழாவும் கை, வரிகளைத் தொட்டவுடனேயே நின்றுவிட வேண்டும் என்பதற்காக அப்படி வார்த்தார்கள். அருங்காட்சியகத்தில் இதன் முன்னால் நிற்கும்போது பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, தொட்டுப் பார்க்க அனுமதி இருந்தால் சாதாரணச் சீசாவையும் இதையும் கொடுத்துப் பாருங்கள், விளக்கவுரையே தேவைப்படாது.

இதன் பின்னணியில் பல துயரங்கள் உண்டு. 1858இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்தில் மிட்டாய் செய்பவர் ஒருவர், சர்க்கரையின் செலவைக் குறைப்பதற்காக அதில் கலந்துவந்த வெள்ளைத் தூளை வாங்கிவர ஆளனுப்பினார். மருந்துக் கடைக்காரர் நோயுற்றுப் படுத்திருந்தார். உதவியாளர், அவர் வாய்மொழியாகச் சொன்ன அடையாளத்தை வைத்து, சரியான சீட்டு ஒட்டாத பீப்பாயிலிருந்து அள்ளிக் கொடுத்தது ஆர்சனிக். பெப்பர்மின்ட் மிட்டாயாக அது சந்தையில் விற்கப்பட்டு, சுமார் 20 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் நோயுற்றார்கள். சில்லறையாக விற்கும் ஆர்சனிக்கில் கரியையோ அவுரியையோ கலந்து நிறம் மாற்ற வேண்டும், வாங்கியவரின் விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1851லேயே அங்கே சட்டம் இருந்தது. ஆனால் கடைக்காரர் தன் சரக்கறையில் அதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றி அந்தச் சட்டம் கவலைப்படவில்லை. நஞ்சு விற்பவரின் தகுதியையும், நஞ்சுப் பொதியின் மேல் இருக்க வேண்டிய சீட்டையும் வரையறுத்த சட்டம் 1868இல்தான் வந்தது.

கேள்வி: எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? கைக்குழந்தையுடன் போகலாமா?

பதில்: ஒன்றரை மணி நேரம் போதும். பழைய கட்டடங்களில் படிகள் குறுகலாக இருக்கும், தள்ளுவண்டியைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெளியே வந்த என் மாமனார், "அந்தக் காலத்தில் எல்லாம் இயற்கையாகவும் கலப்படமில்லாமலும் இருந்தது, இப்போதுதான் எல்லாம் இரசாயனம்" என்றார். பெரியவரிடம் வாதிட மனம் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: அவர் சொல்வது சரியா?

பதில்: பெரியவரிடம் நீங்கள் வாதிட வேண்டாம், அடுத்த முறை போகும்போது காப்புரிமை மருந்துகள் என்ற தலைப்பில் உள்ள அலமாரிக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள், அது வாதிடும். பல் முளைக்கும் குழந்தைகளின் அழுகையை அடக்குவதாகச் சொல்லி 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் விற்ற 'மிசஸ் வின்ஸ்லோ' பாகில் இருந்தது மார்ஃபின். குழந்தை அமைதியாகத் தூங்கியது. சில குழந்தைகள் எழுந்திருக்கவே இல்லை. சீட்டில் மார்ஃபின் என்று எழுதியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது 1906ஆம் ஆண்டுச் சட்டம். மார்ஃபின் அபினியிலிருந்தும், அபினி கசகசாச் செடியிலிருந்தும் வருபவை. இயற்கை என்ற சொல் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றவில்லை. பேயர் நிறுவனம் 1898இல் இருமலுக்கு மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்த பொருளின் வணிகப் பெயர் ஹெராயின்.

அதற்காக இரசாயனத்தின் பக்கம் நின்று கொடி பிடிக்கவும் நான் விரும்பவில்லை. 1937இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று, கிருமித் தொற்றுக்குக் கொடுக்கும் சல்ஃபா மருந்தைத் திரவமாக்குவதற்காக டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பானில் கரைத்து, இனிப்பூட்டி, எவ்விதப் பாதுகாப்புச் சோதனையும் செய்யாமல் 'எலிக்சிர்' என்ற பெயரில் விற்றது. 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். மருந்து பாதுகாப்பானது என்று நிரூபித்த பிறகே விற்க வேண்டும் என்ற சட்டம் அன்று இல்லாததால், எலிக்சிர் என்றால் அதில் சாராயம் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே பெயர்ச்சீட்டு பொய் என்ற ஒரே காரணத்தைக் காட்டித்தான் அதிகாரிகளால் அந்தச் சரக்கைப் பறிமுதல் செய்ய முடிந்தது. அடுத்த ஆண்டே, 1938இல், புதிய சட்டம் வந்தது.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் சீட்டு உரிந்துபோன பழைய மருந்துச் சீசாக்கள் சில கிடைத்தன. அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா?

பதில்: திறக்காதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள், சாக்கடையில் கொட்டாதீர்கள். பாதரச உப்புகளும் ஆர்சனிக்கும் காலத்தால் வீரியம் இழப்பவை அல்ல. பழைய ஈதர் சீசாவின் மூடியைத் திருகுவதே ஆபத்து, உலர்ந்துபோன பிக்ரிக் அமிலமோ வெடிமருந்துக்குச் சமம். இருக்கும் இடத்திலேயே படம் எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பி, அவர்கள் சொல்லும் வழியைக் கேளுங்கள்.

கேள்வி: என் தந்தை நாற்பது ஆண்டுகள் கம்பவுண்டராக இருந்தவர். அருங்காட்சியகத்தில் மாத்திரை உருட்டும் பலகையின் முன்னால் அவர் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளும் எதையோ முன்னும் பின்னும் தள்ளுவதுபோல் அசைந்துகொண்டிருந்தன. பேரப்பிள்ளைகள் கேட்டதற்கு, "இப்படித்தான் செய்வோம்" என்றார். அதற்குமேல் விளக்க வரவில்லை. அந்தக் கருவி எப்படி வேலை செய்தது என்று எழுத முடியுமா?

பதில்: உங்கள் தந்தையின் கைகள் சரியாகத்தான் விளக்கியிருக்கின்றன. முதலில் மருந்துத் தூளைக் கல்வத்தில் இட்டு, பாகோ பிசினோ சேர்த்துக் கெட்டியான பசையாகும்வரை குழவியால் அரைக்க வேண்டும். அதைப் பலகையில் வைத்து, பென்சில் பருமனுக்கு ஒரே சீரான கம்பியாக உருட்ட வேண்டும். ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்தால் ஒரு மாத்திரையில் மருந்து கூடி இன்னொன்றில் குறைந்துவிடும் என்பதால், முழுத் திறமையும் இந்த உருட்டலில்தான் இருக்கிறது. பிறகு அந்தக் கம்பியைப் பலகையில் பதித்த பித்தளைத் தகட்டின் மேல் குறுக்கே கிடத்துவார்கள். தகட்டில் அரைவட்டப் பள்ளங்கள் வரிசையாக இருக்கும். அதேபோன்ற பள்ளங்கள் உடைய, இரு பக்கமும் கைப்பிடி வைத்த கட்டையை மேலே வைத்து முன்னும் பின்னும் தள்ளினால், கம்பி அறுபட்டு வரிசையாக உருண்டைகள் விழும். அவற்றை வட்டமான மரத்தட்டால் மெல்ல உருட்டி ஒழுங்காக்கி, ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க அதிமதுரத் தூளையோ லைகோபோடியம் என்ற மஞ்சள் தூளையோ தூவுவார்கள். கசப்பை மறைக்க வெள்ளித் தகடு போர்த்தியதும் உண்டு. அழுத்தித் தட்டையாக்கும் மாத்திரைக்கு வில்லியம் பிராக்கடன் என்ற ஆங்கிலேயர் 1843இல் காப்புரிமை பெற்றார். அவர் ஓர் ஓவியர். பென்சிலுக்கான கிராஃபைட் தூளை அழுத்திக் கட்டியாக்கும் முயற்சியில்தான் அந்த அச்சு பிறந்தது.

தந்தையிடம் இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். மிக்சர் சீசாவின் பக்கவாட்டில், ஒரு வேளைக்கு இவ்வளவு என்று காட்டுவதற்காகப் பல்பல்லாக வெட்டி ஒட்டிய காகிதப் பட்டையை அவரும் ஒட்டியிருப்பார். ஒரு தாளை நான்காக மடித்து, கத்தரியைக் கொடுத்துவிட்டுப் பேரப்பிள்ளைகளை அருகில் உட்கார வைத்துவிடுங்கள். பேச்சு தானாக வரும்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு மாணவி. மருந்துச்சீட்டின் தலையில், ஆங்கில 'ஆர்' எழுத்தின் காலில் கோடு கிழித்ததுபோல் ஒரு குறி இருக்கிறது. அருங்காட்சியகத்தில் உள்ள பழைய சீட்டுகளிலும் அதையே பார்த்தேன். அதன் பொருள் என்ன?

பதில்: 'ரெசிப்பே' என்ற இலத்தீன் சொல்லின் சுருக்கம் அது. 'எடுத்துக்கொள்' என்று பொருள். பலரும் நினைப்பதுபோல் நோயாளியை மருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் கட்டளை அன்று அது. சீட்டை வாங்கிய மருந்தாளுநரிடம், இந்தச் சரக்கில் இவ்வளவு, அந்தச் சரக்கில் அவ்வளவு எடுத்துக்கொள் என்று மருத்துவர் சொல்வது. நீ பார்த்த பழைய சீட்டுகளில் அந்தக் குறிக்குக் கீழே ஒவ்வொரு வரியின் முடிவிலும் 3 போன்ற ஓர் அடையாளமும் இருந்திருக்கும். அதன் தலையில் வளைவு உண்டா இல்லையா என்று அடுத்த முறை உற்றுப் பார்.